பேஸ் கேட்கவில்லை என்றால் லோவை ஏற்றாதீர்கள்

"பேண்டில் பேஸ் கேட்கவில்லையா? ப்ரீஆம்ப் பெடலில் லோ குமிழை முழுக்கத் திருப்புங்கள்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். (ப்ரீஆம்ப் பெடல் என்பது பேஸ் கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும், அதாவது ஆம்புக்கும், நடுவே வைத்து ஒலியைச் சரிசெய்யும் பெட்டி; லோ குமிழ் அடி அலைவரிசையைக் கூட்டும்.) இது தவறு, புதிதாக வாசிப்பவர்களை நேர் எதிர்த்திசையில் கொண்டுபோய்விடும்.

நான்கு கம்பி பேஸின் தடித்த ஈ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஆனால் அந்தச் சுரத்தை நம் காது பெரும்பாலும் அதற்கு மேலுள்ள துணைச்சுரங்களை வைத்துத்தான் பிடிக்கிறது. அடி அலைவரிசையில் ஏற்கெனவே கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) உட்கார்ந்திருக்கிறது. அங்கே 12 டெசிபெல் ஏற்றினால், அந்தப் பகுதிக்கு ஆம்ப் ஏறக்குறைய 16 மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். ஸ்பீக்கர் திணறும், ஒலி குழம்பும், பேஸ் இன்னும் பின்னால் போகும்.

ஒத்திகையில் நான் செய்வது இது: ஈக்யூ பெடலில் (ஒவ்வொரு அலைவரிசைப் பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் பெடல்) 50 ஹெர்ட்ஸ் ஸ்லைடரைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, 500-ஐ 3 டெசிபெல் ஏற்றுவேன். இடது கை விரல் நகர்வது வரை தெளிவாகக் கேட்கும். தனியாக வாசித்தால் மூக்கடைத்த மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். டிரம்மும் கிட்டாரும் சேர்ந்ததும் சரியாகிவிடும்.

அப்புறம், எல்லாக் குமிழையும் நடுவில் வைத்தால் ஒலி மாறாது என்பதும் எல்லா ப்ரீஆம்ப் பெடலுக்கும் பொருந்தாது. சிலவற்றின் சுற்றே நடு அலைவரிசையைக் குடைந்துவிடும். பெடலை அணைத்து, போட்டு, இரண்டு நிலையிலும் சத்தம் ஒரே அளவு வரும்படி லெவலைச் சரிசெய்த பிறகு ஒப்பிடுங்கள். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாகக் காது ஏமாந்துவிடும்.