அந்த ஆமை எந்தப் பக்கம் போயிருக்கும்?

மூன்று நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். கடலுக்குள் ஆட்கள் சூழ்ந்து நிற்க, ஒரு ஆமையின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டி எடுத்து இணையத்தில் போட்டிருக்கிற அந்தப் படத்தைத்தான் சொல்கிறேன். எல்லாரும் பார்த்திருப்பீர்கள், பாதிப் பேர் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். அதன் கீழே நான் எழுதியது இரண்டே வரி. ஆமை பாறைக்கும் கேமராவுக்கும் நடுவில் சிக்கியிருக்கிறது, வலது மூலையில் இருப்பவரின் ஃபின் (காலில் மாட்டுகிற நீச்சல் துடுப்பு) பவளத்தின் மேல் ஊன்றியிருக்கிறது என்று. அதற்கு வந்த பதில்: "அண்ணாவுக்குப் பொறாமை." இன்னொருவர், வீட்டில் உட்கார்ந்துகொண்டு குறை சொல்வது சுலபம் என்றார். பத்து வருடத்துக்கு மேலாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறேன். என்னை நன்றாகத் தெரிந்த சிலரே அந்தப் பதிலுக்குச் சிரிப்புக்குறி போட்டிருந்தீர்கள். அதுதான் வலித்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வைட் ஆங்கிள் (அகலமாகப் பார்க்கிற லென்ஸ்) என்றால் தள்ளி நின்று பெரிய காட்சியை எடுப்பது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கரையில் அது சரி. தண்ணீருக்குள் தலைகீழ். தண்ணீர் முதலில் சிவப்பு நிறத்தைத்தான் விழுங்கும். பத்து மீட்டர் ஆழம் போவதற்குள் சிவப்புக் கடற்பஞ்சு அழுக்குப் பழுப்பாகத் தெரிய ஆரம்பித்துவிடும். ஸ்ட்ரோப், அதாவது தண்ணீருக்குள் அடிக்கிற ஃபிளாஷ், அடித்தால் நிறம் திரும்பும், ஆனால் அந்த வெளிச்சமும் தண்ணீருக்குள்தான் போய்த் திரும்ப வேண்டும். ஒன்றரை மீட்டர் தாண்டினால் பெரிதாகப் பிரயோசனம் இல்லை. நடுவில் மிதக்கிற தூசியெல்லாம் படத்தில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அதனால் நடுவில் உள்ள தண்ணீரைக் குறைக்க வேண்டும், அதாவது கிட்டே போக வேண்டும். சாதாரண லென்ஸோடு கிட்டே போனால் ஆமையின் பாதி உடம்புகூட அடங்காது. அதற்காகத்தான் கேமராவின் முன்னால் மாட்டுகிற அரைக்கோளக் கண்ணாடி டோமுக்குப் பின்னால் 180 டிகிரி பார்க்கிற ஃபிஷ்ஐ லென்ஸ். ஒரு அடி தூரத்தில் ஆமை, அதன் தலைக்கு மேலே அலையில் உடைகிற சூரியன், இரண்டும் ஒரே படத்தில் வரும். நெருங்கிப் போவதற்கென்றே உள்ள லென்ஸ் அது.

அதனால்தான் சொல்கிறேன், அந்தப் படமே சாட்சி. "க்ராப் செய்திருப்பார்", அதாவது தள்ளி நின்று எடுத்து ஓரங்களை வெட்டிப் பெரிதாக்கியிருப்பார் என்று ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். க்ராப் செய்தால் எல்லாமே சேர்ந்துதான் பெரிதாகும். முகத்துக்கும் பின்னால் உள்ள ஓட்டுக்கும் இருக்கிற விகிதம் மாறாது. அந்தப் படத்தில் உள்ளதுபோல் தலை தேங்காய் அளவு, பின்துடுப்பு கட்டைவிரல் அளவு என்று தெரிய வேண்டுமானால் டோம் அதன் மூக்குக்கு முன்னால் இருந்தால்தான் நடக்கும். பின்னால் பாறை. முன்னால் டோம். இரண்டு பக்கமும் ஆட்கள். எந்தப் பக்கம் போகும்? நான் கேட்டது இது ஒன்றுதான். அத்தனை கமென்டில் ஒருவர்கூட இதற்குப் பதில் சொல்லவில்லை.

ஆமை மீன் இல்லை, மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். தூங்குகிற ஆமை மணிக்கணக்கில் மூச்சை அடக்கும். பயந்து அடித்துக்கொண்டால் அந்தக் காற்று சட்டென்று தீரும். அப்போது மேலே போகிற வழியில் நாம் நின்றால் என்ன அர்த்தம்?

நானும் துரத்தியிருக்கிறேன், மறைக்கவில்லை. கேமரா வாங்கிய புதிதில் அந்தமானின் நீல் தீவில் ஒரு பேராமையின் பின்னாலேயே சிலிண்டரில் காற்று குறையும் வரை போனேன். எடுத்த படம் அத்தனையிலும் அதன் பின்பக்கம்தான். படகில் ஏறியதும் கூட வந்த வழிகாட்டி, இனி இப்படிச் செய்தால் கேமரா படகிலேயே இருக்கும் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அவமானமாக இருந்தது. அவர் சொன்னது சரி.

இரண்டு வருடம் கழித்து அதே தீவு. ஒரு பாறை இடுக்கில் அழுங்காமை ஒன்று கடற்பஞ்சு தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த மணல் திட்டுக்கு மேலே அசையாமல் கிடந்தேன். முன்துடுப்பைப் பாறையில் ஊன்றிக்கொண்டு அலகால் கடித்துப் பிய்க்கும், பிய்க்கும்போது துணுக்குகள் பறக்கும், அதைப் பொறுக்க இரண்டு ஏஞ்சல் மீன்கள் அதன் வாயருகிலேயே சுற்றிக்கொண்டிருந்தன. இருபது நிமிடம் இருக்கும். அப்புறம் அதுவாகவே திரும்பி வந்து, டோம் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தது. அலகின் ஓரத்தில் பஞ்சு நார் ஒன்று ஒட்டியிருந்தது. மூன்று படம் எடுத்தேன். பிறகு அது நிதானமாக மேலே போனது. அதற்கு மேலே யாரும் இல்லை.

அந்த மூன்று படத்திலும் கேமரா அதே ஒரு அடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு அடிக்கு வந்தது ஆமை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கிட்டே போகாதீர்கள் என்று நான் எங்கும் எழுதவில்லை. எவ்வளவு கிட்டே என்பதை அது முடிவு செய்யட்டும்.

படம் வந்தால்தானே மக்களுக்குக் கடல்மேல் அக்கறை வரும் என்கிறார்கள். வரும். காத்திருந்து எடுத்த படத்தைப் பார்த்தாலும் வரும்.

"இழுவைமடி செய்யாத நாசமா ஒரு ஃபின் செய்துவிடப் போகிறது?" இதைக் கேட்டவர்களுக்குத்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும். கடலடியை வாரிக்கொண்டு போகிற அந்த இழுவை வலை செய்வது பெரிய நாசம், சந்தேகமே இல்லை. ஆனால் நான் தூத்துக்குடிக்காரன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் இன்று தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. சுற்றியிருந்த பவளத்தைச் சுண்ணாம்புக்கும் ஆலைக்கும் வெட்டி வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். 1986இல் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகும் வெட்டினார்கள். 2001இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தில் அதிகப் பாதுகாப்பு தருகிற முதல் அட்டவணையில் சேர்த்தார்கள்.

1970களில் வள்ளத்தில் பவளக் கல்லெடுக்கப் போனவர்களில் என் அப்பாவும் ஒருவர். கடப்பாரையால் பெயர்த்துப் பெயர்த்து அவர் உள்ளங்கை இன்றும் காய்த்துத்தான் இருக்கிறது. அந்தமானில் எடுத்த பவளப் படம் ஒன்றை அவருக்குக் காட்டினேன். ஸ்ட்ரோப் வெளிச்சத்தில் அதன் உணர்கொம்புகள் ஒவ்வொன்றும் விரிந்து தெரிந்தன. வெகு நேரம் பார்த்தார். திரையை ஒரு விரலால் தொட்டார்.

"உசுரு உள்ளதுன்னு யாருல சொன்னா? கல்லுன்னுதான் வெட்டுனோம்."

அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அவருக்கு யாரும் சொல்லவில்லை. படத்தின் மூலையில் நிற்கிறவருக்குச் சொல்லியிருப்பார்கள், பவளம் உயிருள்ளது, கை வைக்காதே, கால் வைக்காதே என்று. டைவிங் கற்கும்போது முதலில் கேட்கிற விஷயங்களில் அது ஒன்று. உருண்டைப் பவளமாக இருந்தால் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். வயிற்றுப்பாட்டுக்காகத் தெரியாமல் வெட்டியவர் இந்த வயதில் சோற்றைத் தள்ளி வைக்கிறார். தெரிந்தே மிதித்தவருக்கு நீங்கள் இதயக்குறி போடுகிறீர்கள், கேட்ட எனக்குப் பொறாமை என்கிறீர்கள்.

இதை எழுதும் முன் ஒரு முறை போய்ப் பார்த்தேன். என் இரண்டு வரியை நீக்கியிருக்கிறார்கள். படம் அப்படியே இருக்கிறது.