தராசில் ஏற்றியது அவமானமாம்!

அந்தக் காணொளியை இதுவரை ஏழு பேர் அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். மலேசியாவின் மலை ஊரான பரியோவில், விமானம் ஏறுமுன் தராசில் ஏறி நின்று "என்னையும் மூட்டை என்று நினைத்துவிட்டார்கள்" என்று சிரிக்கும் தம்பி, விமானம் ரத்தானதும் "இதெல்லாம் ஒரு விமான நிலையமா?" என்று கொதிக்கிறார். கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள்.

இல்லைதான், தம்பி. அது அந்த ஊரின் சாலை. சரவாக் மாநிலக் காட்டுக்குள், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் வாழும் கெலாபிட் மக்கள் மிரி நகரத்துக்குப் போகும் சாலை. மரம் வெட்டுவதற்காகப் போட்ட மண்பாதை ஒன்றும் இருக்கிறது. ஜீப்பில் ஒரு பகல் முழுக்கக் குலுங்க வேண்டும். மழை பெய்தால் அதுவும் நிச்சயமில்லை.

அங்கே வருவது ட்வின் ஓட்டர். 19 பேர் உட்காரலாம். அவ்வளவு சிறிய விமானத்தில் ஆளும் பையும் ஒரே கணக்கு. என்னையும் தராசில் ஏற்றினார்கள். பின்னால் நின்ற வரிசையே முள்ளை எட்டிப் பார்த்தது. (வீட்டில் ஆறு கிலோ குறைத்துச் சொல்லி வைத்திருந்தேன், அது வேறு கதை.) எனக்கு அடுத்து முழங்காலில் கட்டுப் போட்ட ஒரு பாட்டி, முதுகில் அன்னாசிக் கூடையோடு ஏறினார். எடை கூடிவிட்டது. முகம் சுளிக்காமல் மூன்று பழங்களை எடுத்துக் கீழே வைத்தார். அவருக்கு அவமானமாக இல்லை. உங்களுக்கு மட்டும் எப்படி?

"காசு கொடுத்தவன் கேள்வி கேட்கக் கூடாதா?" தாராளமாகக் கேளுங்கள். தகவல் சொல்லாமல் உட்கார வைத்தது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூடுபனியை யாரிடம் கேட்பீர்கள்? சுற்றிலும் மலை, விமானி ஓடுபாதையைக் கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும். "நஷ்டத்தில் ஓடும் சேவைக்கு அரசு மானியம் எதற்கு?" என்று ஒரு மேதை கேட்டிருக்கிறார். உங்கள் வீட்டு வாசலில் தார் ஊற்றியபோது லாபக் கணக்கா பார்த்தார்கள்? அது சாலை, ஐயா. சாலை!

"நாலு நாள் சுற்றிப் பார்க்கப் போனவனுக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நான் திரும்ப வேண்டிய அன்றும் பனி இறங்கி விமானம் ரத்தானது. கவுன்டரில் போய்க் கத்தியவன் நான்தான். மறுநாள் அலுவலகத்தில் கூட்டம் என்று, ஏதோ நாடே என்னை நம்பி இருப்பதுபோல. அந்தப் பாட்டி கீழே வைத்த பழத்தில் ஒன்றை நறுக்கி, முதல் துண்டை என்னிடம் நீட்டினார். மறுநாள் காலை மிரி மருத்துவமனையில் அவருடைய காலுக்கு அறுவை சிகிச்சை குறித்திருந்தார்கள் என்பதைப் பேத்திதான் பிறகு சொன்னாள்.