ஒற்றை ஆளாக இருக்கும் நூலகர்களும் ஒரு தமிழ்ப் பட்டியலும்

ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். பாடத்தில் சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்டுக்கொள்ளலாம். நிர்வாகத்தைத் திட்டவும் துணைக்கு ஆள் உண்டு. நூலகர் மட்டும் ஒருவர்தான். பெரிய பள்ளி என்றால் இரண்டு மூன்று பேர். அவர் என்ன வேலை செய்கிறார் என்பது அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் முழுசாகத் தெரியாது. எதை வாங்குவது, எதைக் கழித்துக்கட்டுவது, ஒரு பெற்றோர் வந்து "இந்தப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள்" என்று நின்றால் என்ன பதில் சொல்வது, எல்லாம் அவர் தலையில்தான்.

அதனால்தான் இவர்கள் பள்ளிக்கு வெளியே கூட்டுச் சேர்கிறார்கள். நான் சிங்கப்பூரில் ஒரு சர்வதேசப் பள்ளியின் நூலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். இந்தக் கூட்டமைப்புகளின் பேச்சு வந்தாலே எல்லோரும் மாநாடு, சிறப்புரை, கைத்தட்டல் என்று போய்விடுகிறார்கள். நாலு பள்ளிக்காரர்கள் உட்கார்ந்து சேர்ந்து செய்யும் சலிப்பான வேலைதான் இவற்றுக்கு உயிர் என்பது என் கட்சி. அந்த வேலையில் கொஞ்சத்தைத் தமிழுக்கும் செய்யலாமே என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உள்ளூர்க் கதை. இங்குள்ள சர்வதேசப் பள்ளி நூலகர்களுக்கு இன்டர்நேஷனல் ஸ்கூல் லைப்ரரி நெட்வொர்க் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. சுருக்கமாக ஐஎஸ்எல்என். அவர்கள் நடத்துவது ரெட் டாட் புக் அவார்ட்ஸ். சிங்கப்பூரைச் செல்லமாகச் சிவப்புப் புள்ளி என்பார்கள் அல்லவா, அந்தப் பெயர்தான். படப் புத்தகம், சின்னப் பிள்ளைகள், கொஞ்சம் பெரியவர்கள், பதின்பருவத்தினர் என்று நான்கு பிரிவு, பிரிவுக்கு எட்டுப் புத்தகம். பள்ளிகள் அவற்றை வாங்கி வைக்கின்றன, பிள்ளைகள் படித்து ஓட்டுப் போடுகிறார்கள். அதிலிருந்து கேள்வி கேட்டுப் பள்ளிகளுக்கிடையே ரீடர்ஸ் கப் என்ற போட்டியும் நடக்கிறது. ஜப்பானில் இதே மாதிரி சகுரா மெடல், சீனாவில் பாண்டா, ஹாங்காங்கில் கோல்டன் டிராகன், கொரியாவில் மார்னிங் காம். பாங்காக்கிலும் ஒன்று உண்டு. எல்லாமே நூலகர்கள் தங்கள் வேலை நேரத்துக்கு மேல் கைக்காசு மாதிரி நேரத்தைப் போட்டு நடத்துபவை.

விருது யாருக்குப் போனது என்பதில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. அந்த எட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நடக்கும் வாக்குவாதம்தான் பிடிக்கும். ஒருவர் உருகி உருகிப் பரிந்துரைத்த படப் புத்தகத்தை இன்னொருவர் வாங்கிப் பத்தடி தள்ளி விரித்துப் பிடிப்பார். "பாய் மேல் பின்வரிசையில் உட்காரும் குழந்தைக்கு இந்தப் படத்தில் என்ன தெரியும்?" சரி, அது போச்சு. இன்னொன்று அருமையான நாவல், ஆனால் கெட்டி அட்டைப் பதிப்பு மட்டும்தான் வந்திருக்கிறது. ஆறு பிரதி வாங்கினால் சின்னப் பள்ளியின் பட்ஜெட் காலி. வேறொன்று தொடர்கதையின் மூன்றாம் பாகம், முதல் இரண்டையும் படிக்காதவனுக்கு ஒன்றும் புரியாது. பத்திரிகை மதிப்புரைகளில் இதெல்லாம் வராது. தினமும் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்குத்தான் இந்தக் கேள்விகள் தோன்றும். ஒரு நூலகர் தனியாக அத்தனை புதுப் புத்தகங்களையும் படித்துப் பார்க்க முடியாது. இருபது பேர் பங்குபோட்டுப் படித்தால் முடியும். பட்டியல் வெளியானதும் புத்தகக் கடைக்காரர்களே அதை மொத்தமாக வரவழைத்து வைத்துவிடுகிறார்கள். ஆளில்லாத, காசில்லாத சின்ன நூலகம்கூட அன்று பெரிய பள்ளியின் தேர்வைத் தன் அலமாரியில் வைத்துக்கொள்ளலாம்.

பெரிய வட்டமும் உண்டு. கிழக்காசியாவின் சர்வதேசப் பள்ளிகளுக்கான ஈயர்காஸ் என்ற கூட்டமைப்பு 1968 இல் தொடங்கியது, 200 பள்ளிகளுக்கு மேல் உறுப்பினர்கள். ஆண்டுதோறும் பள்ளித் தலைவர்களுக்கு ஒரு மாநாடு, ஆசிரியர்களுக்கு ஒன்று. உலக அளவில் பள்ளி நூலகர்களின் சங்கமான ஐஏஎஸ்எல் 1971 இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் உருவானது. அக்டோபரைப் பள்ளி நூலக மாதமாகக் கொண்டாடச் சொல்வது இவர்கள்தான். அந்த மாதம் இரண்டு நாட்டுப் பள்ளிகளைச் சோடி சேர்த்து, பிள்ளைகள் கையால் செய்த புத்தகக்குறிகளைப் பரிமாறிக்கொள்ள வைப்பார்கள். ஒரு அட்டையும் கத்தரிக்கோலும் போதும். நட்சத்திர ஓட்டல் மாநாட்டைவிட அந்த அட்டைத் துண்டு அதிகம் சாதிக்கிறது என்று நான் சொன்னால் என் மேலதிகாரி சிரிக்கிறார். மாநாட்டுக்குப் போகிறவர் அவர். கட்டணம், விமானச் செலவு என்று வரும்போது உதவியாளர்களை யாரும் அனுப்புவதில்லை. ஆனால் புத்தகத்துக்கு உறை போடுவது, முதுகில் எண் ஒட்டுவது, பிள்ளைகள் எதை எடுக்கிறார்கள், எதைத் தொட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள் என்று பார்ப்பது எல்லாம் நாங்கள்தான். எங்கள் வருத்தத்தை இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தாய்மொழி விஷயத்துக்கு வருகிறேன். பல சர்வதேசப் பள்ளிகளில் கடைசி இரண்டு ஆண்டுப் படிப்பு ஐபி டிப்ளமா. அதைப் படிக்கும் மாணவருக்குத் தன் மொழியில் ஆசிரியர் இல்லையென்றால், அந்த மொழி இலக்கியத்தைத் தானே படித்துத் தேர்வெழுத ஒரு வழி இருக்கிறது. பள்ளி மேற்பார்வை மட்டும் செய்யும். ஒன்பது படைப்புகள் படிக்க வேண்டும். எங்கள் பள்ளியில் ஒரு பின்லாந்துப் பெண் இப்படி எடுத்தாள். பின்னிஷ் நாவலுக்கு சிங்கப்பூரில் எங்கே போவது? எங்கள் நூலகர் மற்ற பள்ளிகளுக்கு ஒரு செய்தி போட்டார். முன்பு இதே பாடத்தை எடுத்த மாணவர் விட்டுப்போன புத்தகங்கள் வேறொரு பள்ளியின் ஸ்டோர் ரூமில் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. அந்த வாரமே வந்து சேர்ந்தன. யாரும் ஒப்பந்தம் போடவில்லை, முத்திரை குத்தவில்லை.

அந்தப் பெட்டியைப் பிரித்து அடுக்கியது நான்தான். அடுக்கிக்கொண்டே எங்கள் தமிழ் அலமாரியைப் பார்த்தேன். ஊரிலிருந்து வந்த குடும்பங்கள் நாடு மாறும்போது கொடுத்துவிட்டுப் போன புத்தகங்கள். எங்கள் கணினிப் பட்டியலில் அவற்றின் பெயர் என்ன தெரியுமா? "தமிழ் ஸ்டோரி புக் 1", "தமிழ் ஸ்டோரி புக் 2", இப்படியே போகும். எனக்கு முன்னால் இருந்த யாரோ தமிழ் தெரியாத பாவம் வேறென்ன செய்வார்? மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் புலிக் கதை வேண்டும் என்று "புலி" என ஆங்கில எழுத்தில் தட்டினான். புலிட்சர் பரிசு பற்றிய புத்தகம் வந்தது. அவன் தேடிய கதை பத்தடி தூரத்தில் ஏதோ ஓர் எண்ணாக உட்கார்ந்திருந்தது.

இது அக்கறைக் குறைவால் வந்த கோளாறு என்று நான் நினைக்கவில்லை. ஆங்கிலப் புத்தகம் வந்தால் பின்னட்டைப் பார்கோடை ஸ்கேன் செய்ததும், உலகில் ஏதோ ஒரு நூலகம் ஏற்கெனவே தயாரித்த பதிவு வந்து இறங்கிவிடும். தலைப்பு, ஆசிரியர், பொருள் எல்லாம் தயார். நம் சின்னப் பதிப்பகங்களின் சிறுவர் நூல் பலவற்றில் பார்கோடே இருக்காது. இருந்தாலும் பதிவு கிடைக்காது. யாராவது உட்கார்ந்து கையால் அடிக்க வேண்டும். அதிலும் தமிழ் எழுத்தில் ஒரு தலைப்பு, ரோமன் எழுத்தில் ஒரு தலைப்பு என்று இரண்டும் வேண்டும். ரோமனுக்கு நூலக உலகம் வைத்திருக்கும் முறையில் ழகரத்துக்கு அடிக்கோடிட்ட ஓர் எல். எந்தப் பையன் அதைத் தட்டப் போகிறான்? அவன் இசட் எச் போடுவான், இல்லை வெறும் எல் போடுவான். ஆக மூன்றாவதாக ஒரு வடிவமும் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஒரு புத்தகத்துக்கு அரைமணி நேரம் பிடிக்கும். ஆனால் ஒரு பள்ளியில் ஒருவர் ஒருமுறை செய்துவிட்டால் மற்ற பள்ளிகள் அந்தப் பதிவை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். கூட்டமைப்பு என்று ஒன்று எதற்கு இருக்கிறதோ, அதற்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் பட்டியல். ஜப்பானின் சகுரா மெடலில் ஜப்பானிய மொழிப் புத்தகங்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் ஒரு நாட்டில், ஆண்டுக்கு எட்டுத் தமிழ்ப் புத்தகம் கொண்ட ஒரு பட்டியல் பேராசையா? விருது, விழா எதுவும் வேண்டாம். பட்டியல் மட்டும். சென்னையின் துளிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் படப் புத்தகங்கள் போடுகிறது. தமிழ் பேசுவான், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான் என்ற நிலையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அவை சரியாக இருக்கும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சடித்துக்கொள்ள உரிமமே கொடுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலையில் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்தன. வயதைப் பார்க்காமல் வாசிக்கும் திறனைப் பார்த்துப் பிரித்த அந்த யோசனை புலம்பெயர்ந்த பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. பத்து வயதுப் பையனுக்கு நான்கு வயதுக்கான யானைக் கதையைக் கொடுத்தால் அவமானப்படுகிறான். சரக்கு இருக்கிறது, பத்துப் பேர் உட்கார்ந்து படித்து "இது ஓடும், இது ஓடாது" என்று சொல்வதுதான் பாக்கி.

இரண்டு எதிர்ப்புகள் வரும், தெரியும். "தேசிய நூலகத்தில்தான் தமிழ்ப் புத்தகம் குவிந்து கிடக்கிறதே" என்பது ஒன்று. உண்மைதான், அருமையான சேகரிப்பு. ஆனால் வெளிநாட்டவர்கள் இரவல் வாங்க ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும், பெற்றோர் அழைத்துப் போக வேண்டும். பள்ளி அலமாரி என்றால் மதிய இடைவேளையிலேயே கை எட்டும். "பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒரு குறையா" என்பது இரண்டாவது. கட்டணம் நிறுவனம் கட்டுகிறது, மூன்று வருடத்துக்கொரு நாடு மாறுகிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். அப்படி மாறிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குத்தான் மொழி முதலில் கழன்று போகிறது. தவிர, பதிவைப் பகிர்வதும் பட்டியலைப் பகிர்வதும் காசு கேட்கும் வேலையில்லை. நூலகர் பணியிடமே இல்லாமல் ஓர் ஆசிரியர் சாவியை மட்டும் வைத்திருக்கும் நம்மூர்ப் பள்ளிகள் நாலைந்து சேர்ந்தாலும் இதைச் செய்யலாம்.

சிங்கப்பூரில் சர்வதேசப் பள்ளி நூலகங்களில் வேலை பார்க்கும் தமிழர்கள் என் கணக்குக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள், பெரும்பாலும் என்னைப் போல உதவியாளர்கள். உள்பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள். உங்கள் பள்ளியில் எத்தனை தமிழ்ப் புத்தகம் இருக்கிறது, அவற்றைக் கணினியில் எந்தப் பெயரில் ஏற்றியிருக்கிறார்கள் என்று மட்டும் முதலில் சொல்லுங்கள். நான் எங்கள் புலிக் கதையிலிருந்து பதிவு அடிக்கத் தொடங்கிவிட்டேன். கோப்பு கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். ஆகஸ்டில் புதுக் கல்வியாண்டு தொடங்குவதற்குள் நாலு பள்ளி சேர்ந்தால், அடுத்த நூலகர் கூட்டத்தில் இதை எங்கள் நூலகர் மூலமாக வைக்கலாம். உதவியாளர்களையும் உள்ளே விடுவார்களா என்று அப்போதே கேட்டுவிடலாம்.