மிட்டாயும் வேண்டாம், குப்பையும் வேண்டாம்: ரெண்டு வயசுப் பிள்ளைக்கு ஈஸ்டர் கூடை

இங்கே நியூ ஜெர்சியில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஒரு வரிசை முழுக்க முயலும் முட்டையுமாக அடுக்கியாகிவிட்டது. கூடவே இன்பாக்ஸில் வெவ்வேறு அம்மாக்களிடமிருந்து ஒரே கேள்வி: "அக்கா, சின்னப் பிள்ளைக்கு ஈஸ்டர் கூடையில மிட்டாய் இல்லாம என்ன வைக்கிறது?" (ஈஸ்டர் காலையில் முயல் கொண்டுவந்தது என்று சொல்லி இங்கே பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பரிசுக் கூடை அது.)

என் பதில் இதுதான். ஏப்ரல், மே மாதங்களுக்கு எப்படியும் வாங்கப்போகிற பொருளைக் கூடையில் வையுங்கள். கூடையை நிரப்புவதற்கென்றே விற்கிற எதையும் தொடாதீர்கள்.

முதல் பாதியை எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். இரண்டாவதில்தான் எனக்குச் சண்டை. மிட்டாய் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் நேராக டாலர் கடைக்குப் போய், சாவி கொடுத்தால் தத்தும் முயல், விரல் நுனி அளவு ரப்பர் கோழிக்குஞ்சு, கேரட் மாதிரி அழிப்பான், துள்ளும் பந்து, ஸ்லைம் என்று ஒரு பை நிறைய அள்ளி வருகிறார்கள். ஒரு ஞாயிறு காலைக் குஷி. திங்கட்கிழமை பாதி உடைந்திருக்கும், மீதி சோபா இடுக்கில் கிடக்கும். அங்கிருந்து ஒரு நாள் பிள்ளை வாய்க்குப் போகும்.

மிட்டாயை ஏன் தவிர்க்க வேண்டும் என்பதில் பெரிய விவாதம் இல்லை. இரண்டு வயதுக்கு முன் சர்க்கரை சேர்த்த எதுவும் வேண்டாம், அதற்குப் பிறகும் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் என்பது அமெரிக்க இதய சங்கத்தின் பரிந்துரை. ஆனால் எனக்குச் சர்க்கரையை விடப் பயம் தொண்டைதான். ஜெல்லி பீன், கடின மிட்டாய், மார்ஷ்மெல்லோ, கடலை எல்லாம் நான்கு வயது வரை மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை என்று இங்குள்ள குழந்தை மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். போன ஈஸ்டருக்கு அத்தை இங்கே இருந்தார். "வெறுங்கூடையா இருக்கே, ரெண்டு கடலைமிட்டாயாவது போடும்மா" என்றார். விளக்கிச் சொன்னதும் சரி என்று விட்டுவிட்டார். கோவில்பட்டியிலிருந்து வந்த அந்தப் பாக்கெட்டை அப்புறம் நானும் அவரும்தான் காலி செய்தோம்.

மிட்டாயைத் தூக்கிவிட்டு அதே அளவு பிளாஸ்டிக்கை வைத்தால் தொண்டை விஷயத்தில் என்ன மாறிவிட்டது? பொம்மைப் பெட்டியில் "3+" என்று போட்டிருந்தால் நம்ம ஆட்கள் பலர் அதைப் பரீட்சைத் தாள் மாதிரி பார்க்கிறார்கள். "என் பொண்ணு கெட்டிக்காரி, ரெண்டு வயசுலயே இதெல்லாம் விளையாடுவா" என்று பெருமை வேறு. அது புத்தியைப் பற்றிய எண் இல்லை. சின்ன பாகங்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் வாயில் போடும் வயதுக்கு ஆகாது என்றுதான் பெரும்பாலும் அதற்குப் பொருள். 1.75 அங்குலமோ அதற்குக் குறைவோ விட்டமுள்ள பந்தை மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென்று விற்கவே இந்நாட்டில் தடை இருக்கிறது. வீட்டில் சோதிக்க டாய்லெட் பேப்பர் உருளையின் நடுக்குழாய் போதும். பொருள் அதற்குள் நுழைந்தால் கூடைக்குள் நுழையக்கூடாது. முட்டை வடிவக் கலர் சாக்பீஸ், கப் கேக் மாதிரி சோப்பு என்று தின்பண்டம் போலவே செய்து விற்கிறார்களே, அதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை கையில் நிஜச் சாக்லேட் முட்டை இருக்கும்போது நம் பிள்ளை சாக்பீஸைக் கடிக்காமல் என்ன செய்யும்?

சரி, என்ன வைக்கலாம்?

ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எந்த ஞாயிறிலும் வரலாம். இந்தப் பக்கம் அது மழையும் சேறுமான காலம். ஆகவே என் பட்டியலில் முதலிடம் ரப்பர் பூட்ஸுக்கு. மிகையில்லாமல் சொல்கிறேன், என் மகளுக்கு இதுவரை கிடைத்த பரிசுகளிலேயே அதிகம் உழைத்தது அந்த மஞ்சள் பூட்ஸ்தான். மேலே இரண்டு காதுபோல் பிடி இருக்கும். அதைப் பிடித்து இழுத்துத் தானே மாட்டிக்கொள்ள முடியும் என்பதுதான் அவளுக்கு அதில் பெரிய விஷயம். இடது வலது மாறித்தான் மாட்டுவாள், யாரும் திருத்தக்கூடாது. பைஜாமாவோடு பூட்ஸ் போட்டுக்கொண்டு காலைச் சாப்பாடு சாப்பிட்ட நாட்களும் உண்டு. ஒரு சைஸ் பெரிதாக வாங்கித் தடித்த சாக்ஸ் போட்டுவிட்டால் இலையுதிர் காலம் வரை ஓடும்.

அதேபோல மழைக்கோட்டு, வெயில் தொப்பி, மணல் வாளியும் குட்டி மண்வாரியும், சின்னப் பூவாளி. வாளி வாங்குவதாக இருந்தால் அதையே கூடையாக வைத்துவிடுங்கள், கூடைச் செலவு மிச்சம். எங்கள் வீட்டில் கூடை மணப்பாட்டுப் பனை ஓலையில் முடைந்தது, அத்தை பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். வருடம் முழுக்க அதில் வெங்காயம் கிடக்கும், ஈஸ்டருக்கு மட்டும் துடைத்து எடுப்போம். கடைக் கூடையில் வரும் பிளாஸ்டிக் புல்லை மட்டும் தயவுசெய்து குப்பையில் போடுங்கள். பூனை நாய் இருக்கும் வீடென்றால் இன்னும் அவசரமாக, விழுங்கினால் குடலில் சிக்கும்.

பூவாளி வைத்தால் விதையும் வேண்டும். கடையில் அழகழகான விதைப் பாக்கெட்டுகள் இருக்கின்றன, ஆனால் தக்காளிச்செடிக்காகக் காத்திருக்கிற பொறுமை எந்த ரெண்டு வயசுக்கு இருக்கிறது? அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு ஸ்பூன் வெந்தயத்தை எடுத்துச் சின்னத் தொட்டி மண்ணில் தூவுங்கள். இரண்டு மூன்று நாளில் முளை தெரியும். தினமும் தண்ணீர் ஊற்ற ஒரு வேலையும் கிடைத்துவிடும், பெரும்பாலும் தரைக்குத்தான் ஊற்றும் என்றாலும்.

புத்தகம் ஒன்றே ஒன்று, தடித்த அட்டையில். தமிழில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தடித்த சாக்பீஸ், சோப்பு நுரைக் குப்பி எல்லாம் உங்களுக்கே தெரியும்.

முட்டைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த வயதில் முட்டைதான் பொம்மையே. திறந்து மூடும் அந்த மலிவான பிளாஸ்டிக் முட்டைகளுக்குள் என்ன வைப்பது என்று பெற்றோர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஒன்றும் வைக்காதீர்கள். ஒரு முட்டையைப் பிரிப்பது, வேறொன்றின் பாதியோடு சேர்க்கப் பார்ப்பது, 'டக்' என்று மூடியதும் நிமிர்ந்து நம் முகத்தைப் பார்ப்பது, மறுபடி பிரிப்பது. என் மகள் பச்சைப் பாதியையும் ஊதாப் பாதியையும் சேர்த்துவிட்டு அதைக் குளியல் தொட்டிக்கும் கொண்டுபோனாள். உள்ளே மிட்டாய் இருந்திருந்தால் முதல் முட்டையிலேயே இந்த விளையாட்டு முடிந்து, அடுத்தடுத்த முட்டைகளை உடைத்துப் பார்ப்பதுதான் நடக்கும். ஏதாவது வைத்தே ஆகவேண்டும் என்றால் வழக்கமாகத் தின்கிற காலையுணவுச் சீரியலில் நாலைந்து போதும். பெரிய அளவு முட்டை வாங்கினால் ஓட்டில் காற்றுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். 1999-ல் பர்கர் கிங் உணவகத்தில் சாப்பாட்டோடு கொடுத்த பிளாஸ்டிக் போக்கிமான் பொம்மை உருண்டையின் பாதி ஓடு ஒரு குழந்தையின் மூக்கையும் வாயையும் மூடி உயிரைப் பறித்தது. இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட உருண்டைகளைத் திரும்பக் கேட்டார்கள்.

இன்னும் நல்லது மர முட்டை. வெள்ளை மாளிகைப் புல்வெளியில் 1878 முதல் ஈஸ்டர் திங்களன்று பிள்ளைகள் முட்டை உருட்டுகிறார்கள், இப்போதெல்லாம் கரண்டியால். 1981-லிருந்து அங்கே நினைவுப்பரிசாகத் தருவதும் மர முட்டைதான். வீட்டுக் கூடத்துக்கு இதே விளையாட்டு அப்படியே பொருந்தும்: நாலு மர முட்டை, ஒரு மரக்கரண்டி. சாயம் பூசாத முட்டையாக வாங்கினால் வாயில் வைத்தாலும் பதறவேண்டாம்.

நிஜ முட்டைக்குச் சாயம் போடுவதும் பரிசுதான், கூடையில் வைக்க முடியாத பரிசு. மஞ்சள் தூள் போட்டுக் கொதித்த தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் ஊற்றி, ஆறவைத்து, அவித்த முட்டையை ஊறவிட்டால் நல்ல மஞ்சள் வரும். வெங்காயச் சருகில் செங்காவி. மேடையெல்லாம் கறையாகும், பழைய துணியை விரித்துக்கொள்ளுங்கள். அந்த முட்டையை ஒளித்துவைத்துத் தேடவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குத் திரும்பிவிட வேண்டும், இல்லையென்றால் சாப்பிடக் கூடாது. இந்நாட்டுக்கு இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவர்கள் 1700-களில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் தொப்பியையே கூடு மாதிரி வைத்துவிட்டு, முயல் வந்து வண்ண முட்டை இடும் என்று காத்திருந்தார்கள். மிட்டாய் இல்லாத கூடையை ஏதோ புது மோஸ்தர் என்று கிண்டல் செய்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

வாங்கவே கூடாதவை இரண்டு. ஒன்று, காதை அமுக்கினால் பாடும் முயல், மினுங்கும் முட்டை போன்ற பட்டன் பேட்டரிச் சாமான்கள். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதாக இல்லையென்றால் கடையிலேயே விட்டுவிடுங்கள். விழுங்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். ரிமோட்டிலிருந்த பேட்டரியை விழுங்கி இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் பெயரில்தான் 2022-ல் பட்டன் பேட்டரிப் பாதுகாப்புக்கான ரீஸ் சட்டம் வந்தது. இன்னொன்று, உயிருள்ள கோழிக்குஞ்சும் முயலும். குஞ்சுகளிடமிருந்து சால்மோனெல்லா தொற்றும், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் தொடவே வேண்டாம் என்கிறது இங்குள்ள நோய்த் தடுப்பு மையம். முயல்களோ ஈஸ்டர் முடிந்த சில மாதங்களில் காப்பகத்து வாசலுக்கு வந்துவிடும்.

ஊரில் எங்களுக்கு ஈஸ்டர் என்றால் நள்ளிரவுப் பூசை, புதுத் துணி, விடிந்ததும் கறிக்குழம்பு. முயலும் கூடையும் இங்கே வந்துதான் பழகினோம். அதனால் கூடை நிறைந்து வழியவில்லையே என்று எனக்குக் கூச்சமெல்லாம் வருவதில்லை. நான்கு பொருள் போதும். பக்கத்து வீட்டுப் பாட்டி ஆசையாக ஒரு சாக்லேட் முயல் கொடுத்தால் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லுங்கள். சர்க்கரைக் கணக்கை அவரிடம் போய் ஒப்பிக்கவேண்டாம்.

கடைசியாக, ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை இதெல்லாம் பாதி விலைக்கு வரும். நான் அன்றைக்குத்தான் அடுத்த வருடத்து மர முட்டையும் வாளியும் எடுத்துவைப்பேன். பூட்ஸை மட்டும் அப்படி வாங்காதீர்கள், எந்தக் கால் எவ்வளவு வளரும் என்று யாருக்குத் தெரியும். இங்கே எடிசன் ஊர்ப் பக்கம் சாயம் பூசாத மர முட்டை எந்தக் கடையில் கிடைக்கிறது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், மூன்று பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.