முட்டிவலிக்காரர்களோடு ஸ்டாக்ஹோம்

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமின் பழைய நகரமான காம்லா ஸ்தானை நடந்தே சுற்றிவிடலாம் என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். இளவட்டங்களுக்குச் சரி. முட்டிவலி உள்ள அத்தையோடு போனவன் நான். அந்தப் பழைய நகரம் முழுக்கக் கல் பாவிய தெரு, மழை பெய்தால் வழுக்கும். 90 சென்டிமீட்டர் அகலச் சந்து என்று எல்லாரும் படம் எடுக்கிறார்களே, அது படிக்கட்டு! கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்.

காம்லா ஸ்தானுக்குப் பக்கத்திலுள்ள ஸ்லூசென் படகுத்துறையிலிருந்து யூர்கோர்டன் தீவுக்குப் படகில் போகலாம். பேருந்து, மெட்ரோ டிக்கெட்டே அதற்கும் செல்லும். அந்தத் தீவிலுள்ள வாசா அருங்காட்சியகத்துக்குத் தாராளமாக அரை நாள் ஒதுக்குங்கள். வாசா என்பது 1628இல் முதல் பயணத்திலேயே, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கவிழ்ந்த போர்க்கப்பல். 1961இல்தான் மேலே எடுத்தார்கள். லிஃப்ட்டில் ஒவ்வொரு தளமாக ஏறிப் பார்க்கலாம். கப்பலின் பின்புறச் சிற்பங்களை விட்டு அத்தை நகரவே இல்லை. "நம்ம ஊர்த் தேர் மாதிரியே செதுக்கியிருக்கான் பாரு" என்றார். மரம் கெடாமலிருக்க உள்ளே குளிராகவே வைத்திருக்கிறார்கள், கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும்.

அப்புறம், சுருக்குப்பைக் காசை நம்பிப் போகாதீர்கள். பல கடைகளில் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டுதான்.