சினப் பட்டியலில் மூன்றாவது பெயர்

எங்கள் பனியன் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருத்தி நேற்று மதியம் சாப்பிடும்போது கேட்டாள். "அக்கா, இந்த யோகா வகுப்புக்கெல்லாம் போனா நிஜமாவே ஏதாவது மாறுமாக்கா? எங்கம்மா போகச் சொல்லித் தொல்லை பண்றாங்க." இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. ராத்திரி முழுக்க அந்தக் கேள்வி மனதிலேயே நின்றது. அதனால் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இளைஞர்களுக்கான இப்படிப்பட்ட பயிற்சிகளுக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை போனது கல்லூரி கடைசி வருடத்தில். மூன்று நாள் முகாம். யார் நடத்தினார்கள் என்பது இங்கே வேண்டாம். கலையரங்கத்தில் இருநூறு பேரை உட்கார வைத்து, பாட்டு போட்டு, வேகமாக மூச்சு விடச் சொன்னார்கள். பத்து நிமிடம் போயிருக்கும். பக்கத்தில் இருந்த என் தோழியின் விரல்கள் மரத்துப்போய் உள்பக்கமாக மடங்கிக்கொண்டன. உதட்டைச் சுற்றி ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்று அழுதாள். உதவிக்கு நின்ற அண்ணன் ஒருவர் வந்து, "பயப்படாதம்மா, கெட்ட சக்தி வெளியே போகுது, இன்னும் வேகமா பண்ணு" என்றார்.

அவளுக்கு என்ன ஆனது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். அதனால் தலை கிறுகிறுக்கும், விரல் மரக்கும், தசை இழுத்துக்கொள்ளும். நிறுத்தி, மெதுவாக மூச்சு விட்டால் சரியாகிவிடும். இவ்வளவுதான் விஷயம். இதைத் தெரியாதவர்கள் இருநூறு பிள்ளைகளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்க வரக் கூடாது.

அதைவிடப் பெரிய தப்பு மூன்றாம் நாள் நடந்தது. பேசியவர் மேடையில் இருந்துகொண்டு, "இந்தப் பயிற்சியை விடாமல் செய்தால் மனநல மாத்திரை எதுவும் வேண்டாம், தூக்கிப் போடுங்கள்" என்றார். எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு வருடமாக டாக்டரிடம் காட்டி மருந்து எடுத்துக்கொண்டிருந்தது எங்கள் வகுப்பில் சிலருக்கு மட்டும் தெரியும். அவள் அந்த வார்த்தையைக் குறிப்பு நோட்டில் எழுதிக்கொண்டாள். நல்லவேளை, ஹாஸ்டலில் அவளுடைய அறைத்தோழி அவள் அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டாள். மனச்சோர்வுக்கான மருந்தை டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், பதற்றம் கூடும், நோயே திரும்பி வரலாம். மூச்சுப் பயிற்சி மருந்தோடு கூடச் செய்ய வேண்டியது. மேடையில் மைக் பிடித்தவர் யாராக இருந்தாலும் இதை மாற்றிச் சொன்னால் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த மூன்று நாளுக்குப் பிறகு, இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று இருந்தேன். ஐந்து வருடம் இருந்தேன்.

அப்புறம் வேலை. மெர்ச்சண்டைசர் வேலையைப் பற்றித் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: வெளிநாட்டில் துணி வாங்கும் பையருக்கும் நம் கம்பெனிக்கும் நடுவில் நின்று ஆர்டரை முடித்துக் கொடுக்கும் வேலை. பையருக்கு அது பகல், நமக்கு நடுராத்திரி. சாம்பிள் ஒரு சென்டிமீட்டர் மாறினால் மெயில், சாயம் ஒரு பொட்டு மங்கினால் மெயில். ஷிப்மெண்ட் வாரத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், மறுபடி தூக்கம் வராது. எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருநாள் என்னைப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, மொகமே சரியில்லையே, ஞாயித்துக்கெழம காலைல மன்றத்துக்கு வா" என்றார். அவர் மனவளக்கலை என்ற யோகா முறையைச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர், மன்றம் என்பது அந்த வகுப்பு நடக்கும் இடம். முதலில் டாக்டரைப் பார்த்து தைராய்டு, ரத்தசோகை எல்லாம் சோதித்துக்கொண்டு, அப்புறம் போனேன்.

மனவளக்கலையைத் தெரியாதவர்களுக்காக: இதை உருவாக்கிய வேதாத்திரி மகரிஷி 1911-ல் கூடுவாஞ்சேரியில் ஒரு கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், தானும் தறியில் உட்கார்ந்தவர். 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் ஆழியாறில் இருக்கும் அறிவுத்திருக்கோயில் 1984-ல் வந்தது. 2006-ல் மறைந்தார். என் தாத்தாவும் தறிக்காரர் என்பதால் எனக்கு அந்தக் குடும்பப் பின்னணியே ஒரு நெருக்கத்தைக் கொடுத்தது. வேலை பார்த்துக்கொண்டே, குடும்பத்தோடு இருந்துகொண்டே செய்யக்கூடியதாக இதை அமைத்தார் என்பதை அந்தப் பயிற்சிகளைச் செய்யும்போதே உணரலாம்.

காலை 6 மணிக்கு வகுப்பு. இருபது பேர், எல்லோரும் முப்பதுக்குள். கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சு, கண், மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபதி, மகராசனம், உடலைத் தேய்த்துவிடுதல், அக்குபிரஷர், கடைசியில் உடல் தளர்த்துதல் என்று வரிசையாகப் போகும். கபாலபதிக்கு முன்னால் டீச்சரம்மா ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்பார்: பிரஷர் இருக்கா, குடலிறக்கம் இருக்கா, ஆபரேஷன் ஏதாவது ஆச்சா, கர்ப்பமா இருக்கீங்களா? ஆமாம் என்றால் அவர்களுக்கு அது கிடையாது. அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

இரண்டாவது வாரம் அவர் சொல்லிக் கொடுத்த ஒன்றை இப்போதே நீங்கள் செய்து பார்க்கலாம். இடது மணிக்கட்டில் வலது கை விரல் வைத்து நாடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள். துடிப்பு லேசாக வேகமெடுக்கும். இப்போது இழுத்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் எடுத்து விடுங்கள். துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி கூடுவது விரலுக்கே தெரியும். மூச்சு வெளியே போகும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்தை நிதானப்படுத்துகிறது. சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது தடவை மூச்சு விடுகிறோம். அதை ஆறு, ஏழுக்குக் கொண்டுவந்தால் ஐந்து நிமிடத்தில் படபடப்பு இறங்கும். திருமூலர் இந்தக் கணக்கை அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டார்: மூச்சை இழுக்க 16 மாத்திரை (கண் இமைக்கும் நேரம்), நிறுத்த 64, விட 32. நடுவில் இருக்கும் அந்த 64 நமக்கு வேண்டாம், குரு பக்கத்தில் இருந்து வருடக்கணக்கில் பழகுகிறவர்களுக்கு உரியது, நீங்கள் முதலும் கடைசியும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பார் டீச்சரம்மா. ராத்திரி இரண்டு மணி விழிப்புக்கு எனக்கு இன்றைக்கும் இதுதான் துணை.

ஆனால் நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தது மூச்சுக்காக மட்டும் இல்லை. என்னை மாற்றியது ஒரு நாற்பது பக்க நோட்டு.

மனவளக்கலையில் தற்சோதனை என்று ஒரு பகுதி உண்டு. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், கடைசியாக நான் யார். ஒவ்வொன்றும் எழுதிச் செய்ய வேண்டியது. கவலைக்கு நான்கு பிரிவு: உடனே தீர்க்க வேண்டியது, தள்ளிப்போட வேண்டியது, அலட்சியம் செய்து ஒதுக்க வேண்டியது, அனுபவித்தே தீர வேண்டியது. என்னுடைய பதினேழு கவலையை எழுதி நான்காகப் பிரித்தபோது, உடனே தீர்க்க வேண்டியது என்ற தலைப்பின் கீழ் மூன்றுதான் வந்தன. அதில் ஒன்று பல் வலி. அந்த வாரமே போய் அடைத்துவிட்டு வந்தேன்.

சினம் தவிர்த்தல்தான் கடினம். யார் யார் மேல் கோபம் என்று பெயர்களை எழுத வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான். அவரிடம் எதை எதிர்பார்த்தேன், அதை அவரிடம் சொன்னேனா, அப்போது அவர் நிலை என்ன என்று எழுத வேண்டும். இந்த வாரம் இவர்மேல் கோபப்படுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டு, கண்ணை மூடி அவரை நினைத்து "வாழ்க வளமுடன்" என்று வாழ்த்த வேண்டும். நான் முதலில் எடுத்தது எங்கள் கட்டிங் மாஸ்டரை. சாம்பிளைத் தாமதப்படுத்துகிறார் என்று அவர்மேல் கோபம். எழுதிப் பார்த்தால் நான்கு தடவையில் மூன்று தடவை அளவு ஷீட்டை நானே தாமதமாகத்தான் கொடுத்திருக்கிறேன். மறுநாள் போய், "அண்ணா, என் பக்கம்தான் லேட்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாவது பெயர் அப்பா.

2019-ல் எனக்குப் பெங்களூரில் ஒரு வேலை கிடைத்தது. அப்பா விடவில்லை. காரணமும் சொல்லவில்லை, "வேண்டாம்" என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் அவரிடம் நேராகப் பேசுவதை விட்டுவிட்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "அம்மா, அப்பாகிட்டச் சொல்லிடு" என்றே வருடங்கள் போயின. நோட்டில் அவர் பெயருக்குக் கீழே "அவர் நிலை" என்ற இடத்தில் ஒரு வாரம் எதுவும் எழுத முடியவில்லை. பிறகு ஒருநாள் விடியற்காலையில் கை தானாக எழுதியது: 2011, சாயப்பட்டறை.

அந்த வருடம் ஜனவரியில், சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டதற்காக உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. ஆற்றுக்கு அது வேண்டியிருந்தது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அப்பா ஒரு பட்டறையில் பாய்லர் ஆபரேட்டர். எனக்குப் பதின்மூன்று வயது. பல மாதம் அவர் காலை எட்டு மணிக்குக் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அதைக் கோபத்தோடு சேர்த்து நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று சாயங்காலம் அதே திண்ணையில் போய் உட்கார்ந்தேன். நீளமாக நான்கைந்து மூச்சு விட்டுவிட்டு, "ஏப்பா அன்னைக்குப் பெங்களூருக்கு விடல?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப வாங்கின கடன் அந்த வருசந்தான் கண்ணு முடிஞ்சுது. அங்க உனக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா ஓடி வரக்கூடக் கையில காசில்ல. அத உங்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றார். அவர் எடுத்த முடிவு சரி என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். அவர் பயந்துபோயிருந்தார் என்பது மட்டும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இதனால்தான் கல்லூரிகளிலும் நிறுவனங்களிலும் நடக்கும் முகாம்களைப் பார்த்தால் மனசு ஆறவில்லை. 2015-லிருந்து ஜூன் 21 யோகா தினம். பாய் வருகிறது, ஒரே மாதிரி பனியன் வருகிறது, பேனர் வருகிறது. ஆசனம் போடுவதைப் படம் பிடிக்கலாம், மூச்சுப் பயிற்சியையும் பிடிக்கலாம். ஒரு பிள்ளை மூலையில் உட்கார்ந்து நோட்டில் தன் அப்பா பெயரை எழுதுவதைப் படம் பிடிக்க முடியாது, பிடிக்கவும் கூடாது. அதனால் நேரம் இல்லை என்றால் முதலில் வெட்டுவது அந்தப் பகுதியைத்தான். முகாம் நடத்தும் ஐயாமார்களே, அம்மாமார்களே, தயவுசெய்து அதை வெட்டாதீர்கள். இருநூறு பேரை ஒன்றாக உட்கார வைக்காமல் இருபது பேராகப் பிரியுங்கள். எழுதியதை வாங்கிப் படிக்காதீர்கள், மேடையில் வாசிக்கச் சொல்லாதீர்கள். டீச்சரம்மா எங்கள் நோட்டை ஒருநாளும் தொட்டதில்லை.

பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளை சொன்னபடி கேட்க வேண்டும், மார்க் வாங்க வேண்டும் என்று அனுப்பாதீர்கள். அப்படி வந்த தம்பிகள் மூன்றாவது வாரமே நின்றுவிட்டார்கள். முடிந்தால் நீங்களும் கூட வந்து உட்காருங்கள்.

தங்கைக்கு: ஞாயிறு காலை ஐந்தரைக்கு உன் வீட்டு வாசலில் வண்டியோடு நிற்கிறேன். வெறும் வயிற்றோடு வா, போர்வை ஒன்று, நோட்டு ஒன்று. மாத்திரை ஏதாவது எடுத்துக்கொள்கிறாய் என்றால் டீச்சரம்மாவிடம் தனியாகச் சொல்லிவிடு, அதை நிறுத்தாதே. பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் வர வேண்டாம், அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.