குடும்பக் கணினி வாங்கப் போகிறவர்களுக்கு: கண்ணுக்குத் தெரியாத பாகங்களில் பணத்தைப் போடுங்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் அக்கா, புதிதாக வாங்கிய கணினியில் பையன் கேட்ட விளையாட்டு ஓடவில்லை என்று சொல்லி என்னை வந்து பார்க்கச் சொன்னார். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கும் குடும்பம் அது. இரண்டு ஆண்டுகள் கட்டிய சீட்டை எடுத்து, பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் மகளுக்கும் எட்டாம் வகுப்பு மகனுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று 18,000 ரூபாய் கொடுத்து ‘ஐ7 கேமிங் பிசி’ ஒன்றை வாங்கி வந்திருந்தார்கள். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. உள்ளே நான்கு மின்விசிறிகள் நிறம் மாறி மாறி ஒளிர்ந்தன. வேலோரன்ட் விளையாட்டைத் திறந்தால் ‘வான் 9001’ என்ற பிழைச் செய்தி வந்து நின்றுவிட்டது.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். எச்61 மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகை), டிடிஆர்3 ரேம் ஒன்று, ஜி.டி. 730 கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் உருவாக்கித் தருவது), பழைய 500 ஜிபி ஹார்டு டிஸ்க். கணினியின் மூளையான புராசசர் ஐ7-2600 என்று திரையில் தெரிந்தது. அது 2011 ஜனவரியில் வெளிவந்தது. அந்த வீட்டு மகன் பிறப்பதற்கு முன்பே விற்பனைக்கு வந்துவிட்ட பொருள். விண்டோஸ் 11 முறைப்படி இன்டெல் புராசசர்களில் எட்டாம் தலைமுறையிலிருந்தும், ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் புராசசர்களில் 2000 வரிசையிலிருந்தும்தான் ஏற்றுக்கொள்ளும், டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதியும் கேட்கும். கடையில் அந்தச் சோதனைகளைத் தாண்டி எப்படியோ விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தந்துவிட்டார்கள். ஆனால் வேலோரன்ட்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸ் 11-இல் டி.பி.எம். 2.0-வையும், கணினி திறக்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் வசதியையும் கண்டிப்பாகக் கேட்கும். இல்லாத ஒன்றை அந்தப் பழைய போர்டு எங்கிருந்து கொடுக்கும்?

“தம்பி, ஐ செவன்னு சொல்லித்தானே குடுத்தாங்க. ஐ த்ரீயவிட ஐ செவன் பெருசுதானே?” என்று அக்கா கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. ஏனென்றால் இந்தப் பக்கத்தில், வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை, சீட்டுப் பணத்திலும் போனஸ் பணத்திலும் முதல் கணினியை வாங்கும் குடும்பங்கள் பலவும் இதே கேள்வியோடுதான் கடையேறுகின்றன.

ஐ3, ஐ5, ஐ7 என்பவை வகைப் பெயர்கள் மட்டுமே. அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் வயது ஒளிந்திருக்கிறது. 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. 2022-இல் வந்த ஐ3-12100-க்கும் அந்தப் பழைய ஐ7-க்கும் கோர், அதாவது புராசசருக்குள் வேலை செய்யும் தனித்தனிப் பகுதிகளின் எண்ணிக்கை, நான்குதான். ஆயினும் வேகத்தில் ஐ3 வெகுதூரம் முன்னால் நிற்கும். கடைக்காரர் ‘ஐ7’ என்று சொன்னால் அடுத்த நான்கைந்து எழுத்துகளையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடலாம்.

என் கருத்து இதுதான்: குடும்பக் கணினி என்பது வாரத்தில் ஆறு நாள் படிப்புக்கும் வேலைக்கும், ஏழாம் நாள் விளையாட்டுக்கும் ஓட வேண்டிய பொருள். அந்த ஏழாம் நாளைக் காட்டித்தான் பெற்றோரிடம் பணம் பிடுங்குகிறார்கள். அதற்காகப் பிள்ளைகளின் விளையாட்டு ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். கேரம் பலகையும் கால்பந்தும் இங்கே எவ்வளவு இயல்போ அவ்வளவு இயல்பாகத்தான் கணினி விளையாட்டும் இந்தத் தலைமுறைக்கு இருக்கிறது; சனிக்கிழமை இரண்டு மணி நேரம் கூடத்தில் உட்கார்ந்து விளையாடட்டும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத் தனி கிராபிக்ஸ் கார்டு முதல் நாளே தேவையில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் வீட்டுக்கு 2024 மே மாதம் வாங்கியபோது, சுங்கச்சாவடி நிலையத்தில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இரண்டு சனிக்கிழமைகள் நடந்து விலை விசாரித்தேன். முடிவாக எடுத்தது ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், கிராபிக்ஸ் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மானிட்டர், யு.பி.எஸ். உட்பட மொத்தம் 39,000 ரூபாய்க்குள் முடிந்தது. என் மனைவி தையல் ஆர்டர்களின் கணக்கை அதில்தான் எழுதுகிறார். மகள் பைத்தான் எழுதுகிறாள். நான் அலுவலகத்தில் முடியாத சரக்கு ஆவணங்களை இரவில் அதில் முடிக்கிறேன். மகன் வேலோரன்ட்டையும் மைன்கிராஃப்ட்டையும் தடங்கலின்றி விளையாடுகிறான், ஜி.டி.ஏ. 5 கூடச் சாதாரண அமைப்பில் ஓடுகிறது. அந்த அக்கா வீட்டில் காசு கொடுத்துத் தனியாகப் போட்டுத் தந்த ஜி.டி. 730 கார்டைவிட, இந்தப் புராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் நல்ல பலமுடையது. புத்தம் புதிதாக வந்த பெரிய விளையாட்டுகளை இது முழுத் தரத்தில் ஓட்டாது. அதை வாங்கும்போதே மகனிடம் சொல்லிவிட்டேன். இங்கே இன்னொரு எழுத்தையும் கவனிக்க வேண்டும். இன்டெல்லில் 12100எஃப் என்று கடைசியில் எஃப் இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. விலை குறைகிறதே என்று அதை வாங்கி, வீட்டில் மானிட்டரில் படமே வராமல் மறுநாள் மீண்டும் ரிச்சி தெருவுக்கு ஓடிய ஒருவரை எனக்குத் தெரியும்.

உள்ளடங்கிய கிராபிக்ஸுக்கென்று தனி நினைவகம் இல்லை; கணினியின் ரேமைத்தான் அது பங்கு போட்டுக்கொள்கிறது. அதனால் 16 ஜிபி ஒரே துண்டாக வாங்குவதும், 8 ஜிபி இரண்டு துண்டுகளாக வாங்குவதும் ஒன்றல்ல. ஒரு துண்டு என்றால் தரவு போக ஒரு பாதை, இரண்டு துண்டு என்றால் இரண்டு பாதை: டிடிஆர்4 3200 ரேமில் அது நொடிக்கு 25.6 ஜிபி என்பதற்கும் 51.2 ஜிபி என்பதற்கும் உள்ள வேறுபாடு. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்த்தோம். மின்சாரத்தைத் துண்டித்து, ஒரு ரேமை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, ஜி.டி.ஏ. 5-இல் அதே தெருவில் அதே காரை மகன் ஓட்டினான். முன்பு நொடிக்கு ஐம்பத்தைந்து படச் சட்டங்கள் (ஃபிரேம்) வரை காட்டிய, திரையின் மூலையில் தெரியும் எண், முப்பத்தைந்துக்கு இறங்கியது. காரைத் திருப்பும்போது படம் திக்கித் திக்கி நகர்வது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. கழற்றிய துண்டை மீண்டும் சொருகியதும் பழையபடி ஓடியது. ஆகவே போர்டில் ரேம் சொருகும் இடம் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், இரண்டிலும் ஒரே அளவு ரேம் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

ஹார்டு டிஸ்க்கைவிட வேகமாகத் தரவைச் சேமித்துத் தரும் எஸ்.எஸ்.டி. பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸைப் போட்டுத் தருகிறேன் என்று இன்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 500 ஜிபி என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. ஒன்று இருந்தால் போதும்.

இனி, யாரும் கேட்காமலேயே வாங்கிவிடும் பாகத்துக்கு வருகிறேன். கேபினட்டோடு சேர்த்து எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) இலவசம் என்பார்கள். வாங்க வேண்டாம். வீட்டு மின்சாரத்தை வாங்கி மற்ற எல்லாப் பாகங்களுக்கும் பகிர்ந்து கொடுப்பது அந்தப் பெட்டிதான். அது கெட்டால் தான் மட்டும் போகாமல், போர்டையும் எஸ்.எஸ்.டி.யையும் கூட்டிக்கொண்டு போகும் வாய்ப்பு உண்டு. கையில் எடுத்துப் பார்த்தாலே வேறுபாடு புரியும்: இலவசப் பெட்டி வெற்று டப்பா போலக் கனமே இல்லாமல் இருக்கும், வயர்கள் மெல்லிசாக இருக்கும். மின் திறனுக்கான ‘80 பிளஸ்’ முத்திரை உள்ள 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைத் தனியாக, வாரண்டியோடு வாங்குங்கள். பின்னொரு நாள் ஆர்.எக்ஸ். 6600 போன்ற ஒரு கிராபிக்ஸ் கார்டை, அதன் மின் தேவை 132 வாட் அளவுதான், போட நினைத்தாலும் இதே பெட்டி தாங்கும். அதனோடு 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்றும் அவசியம். மின்சாரம் போய்ப் போய் வரும் நம் தெருக்களில், எழுதிக்கொண்டிருக்கும் விண்ணப்பத்தைச் சேமித்து ஒழுங்காக அணைக்க அந்தச் சில நிமிடங்கள் வேண்டும்.

அதற்கும் முன்பாக எலக்ட்ரீஷியனை அழைத்து, பிளக் பாயிண்டின் மூன்றாவது துளையில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இங்குள்ள பழைய வீடுகள் பலவற்றில் துளை மூன்று இருக்கும், பின்னால் வயர் இரண்டுதான் இருக்கும். கேபினட்டின் இரும்பைத் தொட்டதும் விரலில் சுருக்கென்று உறைத்தால் அதுதான் அறிகுறி. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. சரிசெய்த பிறகுதான் பிள்ளைகளை அதன் பக்கத்தில் விட்டேன்.

இராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கம் உப்புக் காற்று வேறு. ஒரு மழைக்காலம் கழித்து, கணினி திடீரென்று படம் காட்டாமல் பீப் பீப் என்று கத்தினால் பதற வேண்டாம். ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மீண்டும் சொருகினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். இதைத்தான் சர்வீஸ் கடைகளிலும் செய்து காசு வாங்குகிறார்கள். கேபினட்டை எக்காரணம் கொண்டும் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, வியாசர்பாடியில் தரைத்தளத்தில் இருக்கும் என் நண்பர் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியது. மேசைமேல் இருந்த மானிட்டர் தப்பியது, மேசைக்கடியில் இருந்த கேபினட் முழுகியது. பிள்ளைகளின் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து வைத்திருந்த ஹார்டு டிஸ்க்கும் அதற்குள்தான் இருந்தது.

புதிது வாங்க வசதிப்படாதவர்களுக்குப் பழைய அலுவலகக் கணினிகள் நல்ல வழி என்றே நினைக்கிறேன். டெல் ஆப்டிபிளக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் ஆகியவை நிறுவனங்களிலிருந்து மொத்தமாகக் கழிக்கப்பட்டு ரிச்சி தெருவுக்கு வருகின்றன. எட்டாம் தலைமுறைக்குக் குறைந்ததை மட்டும் தொடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஒல்லியான பெட்டியாக இருந்தால், உயரம் குறைந்த கிராபிக்ஸ் கார்டு மட்டுமே அதில் நுழையும், அதன் எஸ்.எம்.பி.எஸ். அந்தப் பெட்டிக்கென்றே செய்த சிறிய ஒன்று, எளிதில் மாற்றவும் முடியாது. பையனின் விளையாட்டும் கணக்கில் இருந்தால் உயரமான டவர் மாதிரியைத் தேடுவது நல்லது. மடிக்கணினி வேண்டாமா என்று கேட்பார்கள். கல்லூரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டியவருக்கு அது வேண்டும். நான்கு பேர் பகிரும் வீட்டில், ஒரு பாகம் கெட்டால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளக்கூடிய டெஸ்க்டாப்தான் சிக்கனம்.

2025-இன் கடைசி மாதங்களிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால், வீட்டுக் கணினிக்கான ரேம் குறைந்துவிட்டது. எனவே நான் 39,000 ரூபாய்க்கு வாங்கியதை அதே விலைக்கு இன்று எதிர்பார்க்க முடியாது. பணம் இடித்தால் பழைய டிடிஆர்4 ரேமை வாங்கலாம். மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளை ஓர் இரவு ஓடவிட்டால் பழுது இருந்தால் காட்டிக்கொடுக்கும். கேபினட்டைக்கூடப் பழையதாக எடுக்கலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் பழையதாக எடுக்காதீர்கள். பாகங்களின் சீரியல் எண்கள் எழுதிய ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வெளியே வராதீர்கள். 18 சதவீத வரியை மிச்சப்படுத்துவதாக நினைத்து, மூன்றாம் மாதம் வாரண்டி கேட்டு நிற்க நேரும்.

அந்த அக்கா வாங்கிய கடையில் கணினியைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள்; கையால் எழுதிய துண்டுச் சீட்டைத் தவிர பில் எதுவும் இல்லை. அதனால் இருப்பதை வைத்து ஒப்பேற்றினோம். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 500 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினோம். முன்பு திறக்கவே ஏறக்குறைய மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டது இப்போது அரை நிமிடத்துக்குள் திறக்கிறது. மகளின் பைத்தான் பாடத்துக்கு எந்தக் குறையும் இல்லை. மகனுக்கு மைன்கிராஃப்ட் ஓடுகிறது, வேலோரன்ட் லினக்ஸில் வராது.

அக்காவின் அடுத்த சீட்டு ஆடி மாதம் முடிகிறது. மானிட்டர், கீபோர்டு, புதிதாகப் போட்ட எஸ்.எஸ்.டி. ஆகிய மூன்றையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, மாற்ற வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் வரியில் எஸ்.எம்.பி.எஸ். இருக்கிறது, அதற்குக் கீழே புராசசரும் போர்டும், கடைசி வரியில் ‘ரேம் 8 ஜிபி, இரண்டு’ என்று எழுதி, ‘இரண்டு’ என்பதற்கு அடியில் கோடு போட்டிருக்கிறேன்.